சூசைமாணிக்கத்தின் உயிலும் நான் சொன்ன பொய்யும்

இறந்துபோன ஒரு மனிதர்மீது நான் பொய்ப்பழி போட்டேன்.

அவர் என்னிடம் உயில் எழுதிய கட்சிக்காரர். பெயர் சூசைமாணிக்கம். நான் செய்யத் தவறியதை அவர் செய்யத் தவறியதாகச் சொன்னேன். சொன்னது அவருடைய மகளிடம். அவள் நம்பினாள். இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

செய்தி இவ்வளவுதான். இனி எழுதப்போவதெல்லாம் விவரம். விவரம் குற்றத்தைக் குறைக்கும் என்று நீங்கள் எண்ண வேண்டாம். வாழ்நாளெல்லாம் வக்கீலாக இருந்தவன் நான். விவரங்களை அடுக்கி ஒரு குற்றத்தை எப்படிச் சிறியதாக்கிக் காட்டுவது என்பது எனக்குத் தெரியும். அந்த வித்தையை இங்கே காட்டாமலிருக்க முயல்கிறேன்... முடிகிறதா என்று பார்ப்போம்.

என் வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். தொழில் ஆற்றுக்கு அக்கரையில், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில். காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, தளிகை ஆனதும் சாப்பிட்டு, டவுன் பஸ் பிடித்துப் பாலம் தாண்டிப் போவேன். பெரிய வழக்குகள் எனக்கு வந்ததில்லை. ஆனால் உயில் எழுதுவதில் ஒரு பெயர் இருந்தது. 'ஐயங்கார் எழுதிய உயிலை எந்தக் கோர்ட்டும் அசைக்க முடியாது' என்று சொல்வார்கள். அந்தப் பேச்சு என் காதுக்கும் வரும். நான் அதைக் கேட்காததுபோல் இருப்பேன். கேட்டு மகிழ்வேன்!

இந்தப் பெயர்தான் பின்னால் என் வாயை அடைத்தது. அதனால் சொன்னேன்.

சூசைமாணிக்கம் ரயில்வேயில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலக்கரையில் ஓட்டு வீடு. மனைவி போய்விட்டாள். மகன் அந்தோணி பம்பாயில் குடும்பத்தோடு இருந்தான். மகள் ரெஜினா மணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டின் முன்னறையில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்திவந்தாள். காலையும் மாலையும் அந்தத் தெருவுக்கே டக் டக்கென்று ஓசை கேட்கும். பாலக்கரையில் எத்தனையோ பெண்கள் அங்கே பயின்று அலுவலகங்களுக்குப் போனார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைக் கால்சட்டை, உள்ளே செருகிய சட்டை, கையில் குடை.

"சார், எனக்குன்னு இருக்கறது வீடு ஒண்ணுதான். அது ரெஜினாவுக்குப் போகணும். பையனைப் படிக்க வச்சாச்சு, கல்யாணம் பண்ணி வச்சாச்சு, நல்லா இருக்கான். இவ என்னைப் பாத்துக்கறதுக்காக நின்னுட்டா. நான் போனப்புறம் அவளை யாரும் அந்த வீட்டை விட்டு எழுப்பக்கூடாது."

எழுதினேன். தெளிவான உயில். இரண்டு சாட்சிகள். அவர் கையெழுத்தைப் பார்த்து, "ரயில் டிக்கெட் மாதிரி பத்திரமா வச்சுக்குங்க" என்றேன். சிரித்தார்.

பிழை அந்த உயிலில் இல்லை. அதன் பிறகு வாழ்க்கை நகர்ந்தது, உயில் நகரவில்லை. பிழை அங்கேதான் தொடங்கியது.

சில ஆண்டுகள் கழித்து அவருக்குக் கண்புரை வந்தது. அறுவை செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரைக் கவனித்தவர் சவரியம்மாள் என்ற விதவை. ஆயாவாக வேலை பார்த்தவர். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். கட்டு அவிழ்த்த பிறகும் சூசைமாணிக்கத்துக்குச் சவரியம்மாள் நினைவாகவே இருந்தது. அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரெஜினாதான் கண்டுகொண்டாள்.

"நான் வகுப்புல இருக்கேன் சார், அப்பா உள்ளே தனியா சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க. நான்தான் அந்த அம்மாகிட்ட பேசினேன். சர்ச் சாமியார்கிட்டயும் நானே கேட்டுட்டேன்" என்று, திருமணத்துக்கு என்னை அழைக்க வந்தபோது சொன்னாள்.

ஆம்... அந்தத் திருமணத்தை நடத்திவைத்தவளே அவள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க முயன்று தோற்றது இது.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். டைப்ரைட்டர்களையெல்லாம் ஓரமாக ஒதுக்கித் துணி போட்டு மூடியிருந்தாள் ரெஜினா. நான் அங்கே சாப்பிடமாட்டேன் என்று தெரிந்து, எனக்கென்று தனியாக ஒரு தட்டில் பழமும், ஒரு பாட்டில் கலர் சோடாவும் கொண்டுவந்து வைத்தாள். சூசைமாணிக்கம் கோட்டும் மாலையுமாக என்னருகே வந்தார். அவருக்குப் பக்கத்தில் வெள்ளைப் புடவையில் சவரியம்மாள், தலை குனிந்தபடி.

"சார், அந்த உயில்... அது அப்படியே செல்லும்ல? இவங்களுக்கு இருக்க ஒரு இடம் வேணும், அவ்வளவுதான். அதை ரெஜினா பாத்துக்குவா. எழுதணும்னு அவசியமில்ல."

நான் ஆரஞ்சுச் சுளையை வாயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"செல்லும், செல்லும். கல்யாண நாளும் அதுவுமா உயிலைப் பத்தி என்ன பேச்சு!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தோளிலிருந்து ஏதோ இறங்கியவர்போல அடுத்த விருந்தாளியிடம் போனார்.

அன்று திரும்பும் வழியில், பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது எனக்கு உறைத்தது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்து ஒருவர் உயில் எழுதிவிட்டுப் பிறகு மணம் செய்துகொண்டால் உயிலுக்கு ஒன்றும் ஆகாது. கிறிஸ்தவர் ஒருவர் அப்படிச் செய்தால், மணத்துக்கு முன் எழுதிய உயில் ரத்தாகிவிடும். யாரும் அதைக் கிழிக்க வேண்டியதில்லை, எரிக்க வேண்டியதில்லை. மோதிரம் மாற்றிய அன்றே அது வெறும் காகிதம்.

என் கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அந்தப் பழக்கத்தில் வாய் 'செல்லும்' என்றுவிட்டது. இதுவரை நடந்தது மறதி. மறதியை நீங்கள் மன்னிக்கலாம். மறுநாளே போய்ச் சொல்லியிருந்தால், ஒரு புதிய உயில், இரண்டு கையெழுத்து... அதோடு முடிந்திருக்கும்.

மறுநாள் போகவில்லை. ஒரு வழக்கு இருந்தது. அடுத்த வாரம் போகவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் ஆனதும் வெட்கம் இரண்டு மடங்காயிற்று. ஏனென்றால் இப்போது தவறைச் சொல்வதோடு, ஒரு மாதம் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்! ஒரு வருடம் ஆனபின் நான் அதைப் பற்றி நினைப்பதையே நிறுத்தப் பழகிக்கொண்டேன்.

நினைப்பை நிறுத்தலாம். ஆனால் ஆளை நிறுத்த முடியுமா? கிறிஸ்துமஸ் தோறும் அவர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வருவார். ஒரு சீப்பு பூவன்பழமும் வாழ்த்துமாக வாசலில் நிற்பார். ஒரு தடவை, துணிந்து, பேச்சோடு பேச்சாக இழுத்தேன்.

"அந்த உயிலை ஒரு தடவை புதுசா எழுதி வச்சுடலாமா?"

"என்ன சார், புதுசா ஃபீஸ் வேணுமா?" என்று அவர் உரக்கச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதோடு விட்டேன். 'அது செல்லாது ஐயா' என்ற மூன்று சொல் என் வாயிலிருந்து வரவில்லை. பின்னாளில் என் பொய்க்கு நான் அஸ்திவாரமாக வைத்துக்கொண்டது இந்தச் சிரிப்பைத்தான். 'நான் சொன்னேனே!' என்று எனக்கு நானே வாதாடிக்கொள்வேன். சொன்னேனா? இதைச் சொன்னதாகக் கணக்கில் சேர்ப்பீர்களா நீங்கள்?

அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று வாக்கில் ஒரு மழைக்கால விடியலில், கொல்லைப்புறக் குளியலறையில் பாசி படிந்த தரையில் அவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. ஆனாலும் நினைவு தெளிவாக இருந்தது.

பார்க்கப் போனேன். பிற்பகல். சவரியம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இப்போது கூர்ந்து கேளுங்கள். அந்த மனிதர் சுய நினைவோடு இருந்தார். கை அசைந்தது. என் பையில் பேனாவும் வெள்ளைத் தாளும் இருந்தன. அந்த வார்டில் சாட்சிக் கையெழுத்துப் போட எழுதப் படித்தவர்கள் இருந்தார்கள். அரை மணி நேர வேலை!

"மழை நல்லா பேயுதா சார்? காவேரில தண்ணி வருதா?" என்று கேட்டார்.

"இரு கரையும் ஓடறது" என்றேன்.

"ரெஜினாதான் பாவம். வகுப்பையும் பாத்துட்டு இங்கயும் அலையறா."

"எல்லாம் சரியாயிடும்" என்றேன். எழுந்தேன். வந்துவிட்டேன்.

சாகக் கிடக்கிறவரிடம் போய், 'உன் உயில் இத்தனை ஆண்டுகளாக வெறும் காகிதம்' என்று சொல்லி அவர் மனத்தை நோகடிக்கலாமா? ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்கும்போது எனக்கு நான் சொல்லிக்கொண்டது இதுதான். நோகப்போவது எவருடைய மனம், எவருடைய பெயர் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. சில நாட்களில் அவர் போய்விட்டார்.

காரியங்களெல்லாம் முடிந்தபின் என் அலுவலகத்தில் அவர்கள் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ரெஜினா மடியில் உயில். பம்பாயிலிருந்து வந்திருந்த அந்தோணி. சற்றுத் தள்ளி, சுவரோடு ஒட்டி, சவரியம்மாள்.

அந்தோணி கெட்டவன் அல்ல. அவனுக்கும் பிள்ளைகள் இருந்தன, கஷ்டங்கள் இருந்தன. பம்பாயில் ஒரு வக்கீலைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தான்.

"கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின உயில் செல்லாதுன்னு அங்க சொல்றாங்க சார். நிஜமா? சட்டப்படி என்ன உண்டோ அதை மட்டும்தான் கேக்கறேன்."

நிஜம் என்றேன். உயில் இல்லாததுபோல் ஆகிவிட்டது. வீட்டில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதியில் மகனும் மகளும் சமம். ஆக ஆளுக்கு ஒரு பங்கு என்று விளக்கினேன். என் குரல் வழக்கம்போல் நிதானமாகவே இருந்தது. அது எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

ரெஜினா உயிலை ஒருதரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு இது தெரியாதா சார்? யாரும் சொல்லலையா?"

என் வாழ்க்கையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே நேரான கேள்வி இதுதான். பதிலும் நேரானது: 'நான் சொல்லவில்லை. மாற்றிச் சொன்னேன்.'

நான் சொன்னது வேறு.

"சொன்னேம்மா. புதுசா எழுதிடலாம்னு சொன்னேன். அவர்தான் சிரிச்சுட்டு விட்டுட்டார். அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்துட்டார்."

அவள் முகத்தில் அப்போது நடந்ததை விவரிக்க எனக்கு உரிமை இல்லை. அழவில்லை என்று மட்டும் சொல்கிறேன். உயிலை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, சுவரோரம் இருந்த சவரியம்மாளைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு விளங்கியது. தெரிந்தே அப்பா விட்டுவிட்டார் என்றால், விடச் சொன்னது யார்? கேள்வியைப் பிறப்பித்தது நான். விரல் நீண்டது வேறொருத்தியை நோக்கி.

சவரியம்மாள் வாய் திறக்க முற்பட்டு, மூடிக்கொண்டதையும் பார்த்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை. என் மனைவி உள்ளே வந்து, "வாசல்ல ஒரு அம்மா ரொம்ப நாழியா நிக்கறா. உள்ளே வரச் சொன்னா மாட்டேங்கறா" என்றாள்.

சவரியம்மாள்தான். வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"ஐயா, கல்யாணத்தன்னிக்கு அவங்க உங்ககிட்ட கேட்டப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். செல்லும்னு சொன்னீங்க."

"அம்மா, அன்னிக்கு எத்தனையோ பேர் பேசினாங்க. நீங்க எதையோ எதோடயோ போட்டுக் குழப்பிக்கறீங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை அந்தக் கண்ணில். கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"குழப்பமில்லீங்க. உங்களை எங்கயும் இழுக்க நான் வரல. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்பா அதை மறக்கலைன்னு மட்டும் சொன்னாப் போதும். எனக்கு வர்ற பங்கை அதுக்கே எழுதித் தரேன்னு சொன்னேன். அந்தோணி தம்பியும் தன் பங்கைப் பணமா, கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கறேன்னுச்சு. வீடு நின்னுடும். ஆனா அது கேக்க மாட்டேங்குது. எங்கப்பா மனசை மாத்தி வாங்கினதை எனக்குத் தர வேண்டாம்னு சொல்லிட்டுது."

பாருங்கள்... வீடு நின்றிருக்கும்! என் மறதி இடித்ததை அந்தப் பெண்மணி தன் கையால் எடுத்துக் கட்டப் பார்த்தார். தடுத்தது சட்டம் அல்ல, அந்தோணி அல்ல, விதியும் அல்ல. நான் சொன்ன ஒரே ஒரு பொய். நான் ஆற்றைத் தாண்டிப் பாலக்கரைக்குப் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் ரெஜினா அந்தப் பங்கை வாங்கியிருப்பாள்.

"பார்க்கலாம்" என்றேன்.

கட்சிக்காரர்களை அனுப்பிவைக்க நான் பயன்படுத்தும் சொல் அது. ஆயாவாக வேலை பார்த்தவருக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாமலா இருக்கும்? டாக்டர்கள் வாயில் எத்தனை முறை கேட்டிருப்பார்! "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் நடந்தார்.

நான் போகவில்லை.

வீடு விற்கப்பட்டது. வாங்கியவர் ஓட்டைப் பிரித்துவிட்டு மாடி கட்டினார். ரெஜினா உறையூரில் ஒரு வாடகைப் பகுதிக்குப் போனாள். அங்கே வகுப்பு நடத்த இடமில்லை. சத்தத்துக்கு வீட்டுக்காரர்கள் ஒப்பவில்லை. ஒரு டைப்ரைட்டரை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு, ஒரு மொத்தக் கடையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். கல்லறைத் திருநாளன்று அவள் அப்பா கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றப் போவதில்லை என்று யாரோ சொன்னார்கள். சவரியம்மாள் ஜீயபுரத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போய், இரண்டு மூன்று ஆண்டுகளில் இறந்துபோனார். அடக்கத்துக்கு ரெஜினா போகவில்லை.

அந்தச் சாவுச் செய்தி வந்தபோது, எனக்கெதிரான ஒரே சாட்சி போயிற்று என்று முதலில் தோன்றியது. வருத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசையைக் கவனியுங்கள்.

சூசைமாணிக்கத்தின் மதத்தில், செய்ததை ஒரு பாதிரியாரிடம் சொல்லிவிட இடமிருக்கிறது. எங்கள் வழியில் சரணாகதி உண்டு. ஆனால் ஒன்றை ஒளித்துக்கொண்டு சரணம் சொன்னால் அது சேருமா? தினமும் சந்நிதியில் நிற்கிறேன். கை கூப்புகிறேன். மனம் ஒரு வக்கீலைப்போல் பக்கத்தில் நின்று, 'இதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்' என்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். நான் முதியவர்களுக்குப் புத்தி சொல்பவனாக ஆனேன்!

தொழிலை விட்ட பின், ஓய்வு பெற்றவர்கள் சங்கம் ஒன்றில் பேசக் கூப்பிட்டார்கள். பேசினேன். இன்னொரு சங்கத்தில் கூப்பிட்டார்கள். நான் சொன்னவை எல்லாம் எளிய விஷயங்கள். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் சொன்னவன் யோக்கியன் இல்லாவிட்டாலும் சொல் பொய்யல்ல. உயில் எழுதியாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு பிறப்பு, ஒரு சொத்து விற்பனை... எது நடந்தாலும் அதை எடுத்து ஒருதரம் படியுங்கள். அதில் பெயர் உள்ளவர்கள் உயிரோடிருக்கிறார்களா? சாட்சிகள் இருக்கிறார்களா? உயில்படி சொத்துப் பெறப்போகிறவரையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை நம்பிக்கையான இருவருக்குச் சொல்லுங்கள். வக்கீல் 'செல்லும்' என்றால், ஏன் செல்லும் என்று கேளுங்கள்; அவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். சிரித்துவிட்டு நகர்ந்தால் வேறொரு வக்கீலிடம் போங்கள். அப்புறம்... குளியலறைத் தரையில் பாசி பிடிக்க விடாதீர்கள். விடியலில் இருட்டோடு போகாதீர்கள், விளக்கைப் போட்டுக்கொண்டு போங்கள். கைப்பிடிக்கச் சுவரில் ஒரு கட்டை அடித்து வையுங்கள்.

இவையெல்லாம் எங்கிருந்து கற்றேன் என்று எவரும் கேட்டதில்லை. அனுபவம் என்று நினைத்துக்கொண்டார்கள். அனுபவம்தான்.

போன ஆண்டு, தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு பள்ளி மண்டபத்தில் இப்படி ஒரு கூட்டம். பேசி முடித்து உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நரை ஓடிய தலை, மூக்குக்கண்ணாடி. சங்கத்தின் கடிதங்களை டைப் செய்து கொடுப்பவள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அவர் சொல்லுமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் ஒரு வார்த்தை சொல்லலாமா? சார் சொன்னதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. எங்கப்பாவுக்கும் சார் இதைத்தான் சொன்னாங்க. அவர் கேக்கல. சிரிச்சுட்டு விட்டுட்டார். அதனால எங்க வீடு போச்சு. நீங்களாவது கேளுங்க."

உட்கார்ந்துவிட்டாள். மண்டபத்தில் முன்னைவிடப் பலமாகக் கைதட்டல். எனக்கு! தலைவர் என் தோளைத் தட்டினார். நான் என்ன செய்தேன்? கூப்பிய கையோடு தலையை ஆட்டினேன்.

கூட்டம் கலைந்ததும் அவள் என்னிடம் வந்தாள்.

"நல்லா இருக்கீங்களா சார்? எனக்கும் ஒரு உயில் எழுதணும். பெருசா ஒண்ணுமில்ல. போஸ்ட் ஆபீஸ்ல கொஞ்சம் இருக்கு, ஒரு டைப் மெஷின் இருக்கு. அண்ணன் பொண்ணுக்கு எழுதி வச்சுடலாம்னு. உங்களை விட்டா எனக்கு யாரைத் தெரியும்?"

"நான் இப்போ தொழில் பண்றதில்லம்மா..."

"எனக்காக எழுதிக் குடுங்க சார்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு வந்தாள். எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அறையில் நாங்கள் இருவர் மட்டுமே. வெளியே தெருவில் தண்ணீர்க்குடம் வைக்கும் ஓசை. தாளை மடித்து அவளிடம் நீட்டியபோது, வழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது:

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோம்மா. நீ கல்யாணம் பண்ணிண்டா இது செல்லாது. அப்போ புதுசா எழுதணும்."

அவள் சிரித்தாள். அவள் அப்பாவின் சிரிப்பல்ல அது, ஓசையில்லாதது.

"இந்த வயசுலயா சார்?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"அப்பாகிட்டயும் இவ்வளவு தெளிவாத்தான் சொன்னீங்களா?"

எனக்குப் பெயர் தேவையில்லை இப்போது. தொழில் இல்லை. என்னை அசைக்கக்கூடிய சாட்சி இல்லை. இழக்க ஒன்றுமே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளோ கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். உண்மையில், வேறு பதில் வராதா என்று அவள் ஏங்கியதுபோலவே எனக்குத் தோன்றியது... இல்லை, அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

"ஆமாம்மா" என்றேன்.

முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வாதாடலாம். இந்த இரண்டாவதை எதில் சேர்ப்பது? உங்களிடம் பதில் இருந்தால், அதை நான் கேட்க விரும்பவில்லை.

அவள் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். என் மனைவி கொடுத்த மோரைக் குடித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, தெற்குப் பார்த்து நடந்தாள். கொஞ்ச நேரம், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

நான் கூப்பிடவில்லை.